காட்டாத வெளிச்சம்

அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கியதும் குருக்கள் கேட்பது பேரும் நட்சத்திரமும்தான். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று அவரே சேர்த்துக்கொள்வார். ராசியையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். நட்சத்திரத்தை மட்டும் நாம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தாலுகா ஆபீஸில் எழுதிக்கொடுக்கும் முகவரி வேறு. சாமி முன்னால் நிற்கும்போது நம் முகவரி அனுஷம், உத்திரம், பூரட்டாதி, மூலம் என்று வானத்தில்தான் இருக்கிறது.

அந்த நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? பள்ளி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், மளிகைக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன், கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பவரிடமும் கேட்டிருக்கிறேன். "பாக்கணும்னு என்ன இருக்கு, பஞ்சாங்கத்துலதான் போட்டிருக்கே" என்பார்கள். அவர்கள் பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விரதம் தவறாதவர்கள், பிரதோஷத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்கள். அப்படியானால் வானம் தெரியாமல் போனதில் சமயத்துக்கு என்ன நஷ்டம்? தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு நஷ்டம் என்பது புரிகிறது. சிவனைக் கும்பிடுகிறவனுக்கு என்ன போயிற்று? வெகுகாலமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நஷ்டம் உண்டு, அதுவும் சிறிய நஷ்டம் இல்லை என்பதே நான் வந்து சேர்ந்த இடம்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹெல்பராகக் கம்பம் ஏறத் தொடங்கி, போர்மேனாக வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவது வேலையில் இருக்கும்போதே ஏற்பட்ட பழக்கம். ஒரு பக்கம் தெருவிளக்கு, இன்னொரு பக்கம் இருள்மலம், அருளொளி என்று பாடம். இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

முதலில் நட்சத்திரம். ஒருவர் பிறந்த நேரத்தில் சந்திரன் வானத்தில் எந்த நட்சத்திரத்தின் பகுதியில் நின்றதோ அதுவே அவர் நட்சத்திரம். சந்திரன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 பாகை நகர்கிறது. வானத்தைச் சுற்றி வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்த வழியை 27 ஆகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே கண்ணில் பட்ட விண்மீனின் பெயரையோ விண்மீன்கூட்டத்தின் பெயரையோ வைத்தார்கள். இந்தக் கணக்கு ஏட்டில் பிறந்ததில்லை, யாரோ இரவு இரவாக வெளியே நின்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. பஞ்சாங்கம் அந்தப் பார்வையின் பதிவு. பார்வை நின்றுபோன பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.

திருவாதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். நடராசருக்கு உரிய நட்சத்திரம். மார்கழியில் ஆருத்ரா தரிசனம், களி, தாளகம் என்று ஊரே அதைக் கொண்டாடுகிறது. வானியல்காரர்கள் பெட்டல்ஜூஸ் என்று சொல்லும் சிவந்த மீன் அது. 500 முதல் 700 ஒளியாண்டு தொலைவு என்று கணக்கிடுகிறார்கள். இன்று நம் கண்ணில் விழும் அதன் ஒளி சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் தில்லையில் இருந்த காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னோ புறப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கடைசியில் அந்த மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமெங்கும் வானியல்காரர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அது தானே வெளியே தள்ளிய தூசு மறைத்ததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு கண்டார்கள். தொலைநோக்கி இல்லாமலே தெரிந்த மாற்றம் அது. அந்த ஆண்டு ஆருத்ரா தரிசனம் சரியாக அந்த மங்கலின் நடுவில் வந்தது. எங்கள் கோயிலில் நள்ளிரவு தாண்டியே அபிஷேகம் தொடங்கிவிட்டது. நானும் பால்குடம் தூக்கிப் போனவன்தான். எவருடைய நட்சத்திரத்துக்காக விழித்திருந்தோமோ அந்த நட்சத்திரம் பாதியாகக் குறைந்து நின்றது கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோபுரத்தில் போகஸ் லைட், பந்தலில் சீரியல் செட், தெருமுனையில் ஹைமாஸ் விளக்கு. அண்ணாந்து பார்க்கக் காரணமே இல்லாத அளவுக்கு வெளிச்சம்.

கல்யாணத்திலும் இதே கதை. அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது சடங்கு. பகல் முகூர்த்தத்தில் வாத்தியார் மண்டபத்துக்கு வெளியே அழைத்துப் போய் வெயிலைக் காட்டி "தெரியுதா" என்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையை ஆட்டுவார்கள். அது ஒரு மரியாதைக்காகச் செய்வது, அதில் தவறு காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அருந்ததிக்குத் தத்துவத்தில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், கடைசிக்கு முந்திய மீன் வசிட்டர். அவரை ஒட்டியே மங்கலாக இருப்பவள் அருந்ததி. புதிதாகப் பார்க்கிறவருக்கு அவளை நேராகக் காட்ட முடியாது. முதலில் பக்கத்திலிருக்கும் பெரிய மீனைக் காட்டி, "அதோ அருந்ததி" என்று சொல்லிக் கண்ணை அங்கே நிறுத்திவிட்டு, பிறகு "அது இல்லை, அதன் அருகே இருக்கும் சின்னது" என்று நகர்த்த வேண்டும். இதை ஸ்தூலாருந்ததி நியாயம் என்பார்கள். சங்கரர் பிரம்மசூத்திர உரையில் இதை எடுத்து ஆள்கிறார். தெரிந்ததில் கண்ணை நிறுத்தித் தெரியாததற்கு அழைத்துச் செல்லும் வழி அது. எங்கள் பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தால் வசிட்டர் மட்டும் தனியாக நிற்கிறார். பெரியதைக் காட்டி நிறுத்திக்கொள்ளலாம், நகர்த்துவதற்கு அடுத்தது இல்லை. ஞானத்துக்குப் படியாக வைத்த உவமையில் மேல்படி காணாமல் போனது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். ஒரு விளக்கின் வெளிச்சம் தரையில் விழுந்தால் நமக்கு உபயோகம். பக்கவாட்டிலும் மேலேயும் போவது காற்றில் இருக்கும் தூசிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி மறுபடியும் நம்மிடமே திரும்புகிறது. ஊருக்கு மேலே சாம்பலாக ஒரு வெளுப்பு கட்டிவிடும். எங்களுடையது கடலோர டெல்டா, காற்றில் எப்போதும் ஈரம், மார்கழியில் பனிமூட்டம். வெளுப்பு இன்னும் தடிக்கும். நீல ஒளி மிகுதியாகச் சிதறும், பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக எரியும். அதைக் கழற்றிவிட்டு நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. மாட்டினோம். மின்சாரம் மிச்சமாயிற்று, அது நல்லதுதான். மிச்சமானதை வைத்து விளக்கில்லாத இடங்களிலும் விளக்குப் போட்டோம்.

மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கள் இருப்பிடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்று 2016இல் வெளிவந்த உலக வரைபடம் காட்டியது. 2023இல் சயன்ஸ் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை பல நாடுகளில் பொதுமக்கள் தங்கள் கண்ணால் பார்த்து எழுதிய பதிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், இரவு வானம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டு போகிறது. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதாகும்போது அதே வாசலில் நின்று 100தான் பார்க்கும். வெள்ளை எல்.இ.டி.யின் நீலத்தைச் செயற்கைக்கோள் கருவிகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், மனிதக் கண்ணின் சாட்சியம் வந்த பிறகுதான் இதன் வேகம் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. அந்த உமாபதி சிவத்தின் திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலை. புற இருளையும் ஆணவ இருளையும் அங்கே ஒப்பிடுகிறார். புற இருள் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிவிடும். இருட்டாக இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது, உடனே விளக்கைத் தேடுகிறோம். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. மறைக்கப்பட்டிருக்கிறோம் என்பதையே மறைத்துவிடும். அதனால்தான் அது இருளைவிடக் கொடியது. வகுப்பில் பலமுறை கேட்ட பாடம் இது. ஒரு நாள் பேருந்து நிலைய ஹைமாஸில் பழுதுபார்த்துவிட்டு, கூண்டை மேலே ஏற்றி எரியவிட்டுப் பார்த்தபோது, சற்று முன்வரை தெரிந்த ரோகிணி கண்ணிலிருந்து போயிற்று. சுற்றி நின்றவர்கள் "சூப்பரா எரியுதுண்ணே" என்றார்கள். அவர்களுக்கு எதுவும் போகவில்லை, வந்தது மட்டுமே தெரிந்தது. உமாபதி சிவம் சொன்ன இரண்டாவது வகை இருள் இப்படித்தான் வேலை செய்யும் என்று அன்றைக்குப் புரிந்தது. தன்னை மறைப்பு என்று காட்டிக்கொள்ளாத மறைப்பு, வெளிச்சமாகவும் வரும்.

இதைச் சொன்னால் விளக்குக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. டெல்டாவில் இரவில் வரப்பில் நடந்தவர்களுக்குக் கட்டுவிரியன் என்றால் என்ன என்று தெரியும். பஞ்சாயத்துத் தெருவிளக்கு வந்த பிறகு எத்தனையோ பேர் காலைப் பார்த்து வைத்து உயிர் பிழைத்திருக்கிறார்கள். காலனிக்கு முதல் கம்பம் நட்ட அன்று அந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிவந்து விளக்கடியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவன். அந்த வேலையைச் செய்ததில் எனக்கு இன்றும் நிறைவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. கம்பங்கள் ஆயிரக்கணக்கில் படுத்துவிட்டன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து எங்களோடு சேறும் தண்ணீருமாக நின்றார்கள். அடுத்த வாரமே திருக்கார்த்திகை. ஓடு போன வீட்டு வாசல்களில் ஒற்றை அகல் எரிந்தது. பௌர்ணமி கழிந்து தேய்பிறை வந்தபோதும் உள்கிராமங்களுக்கு மின்சாரம் வந்துசேரவில்லை. தென்னைகள் எல்லாம் விழுந்து கிடந்ததால் வானம் அடிவானம் வரை திறந்து கிடந்தது. வேலை முடித்து டிராக்டர் டிப்பரில் உட்கார்ந்திருந்தோம். கார்த்திகை ஆறும் எண்ணும்படி தெளிவாக இருந்தது. சின்ன வயதில் கோடியக்கரைப் பக்கம் வலைக்காரர்கள் ஆறாமீன் என்று காட்டியது. பக்கத்தில் அந்த ஊர்ப் பெரியவர். ஒரு தலைமுறை வளர்த்த தோப்பை ஓர் இரவில் இழந்தவர். அவரிடம் காட்டினேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளி எங்கயும் போயிடாது தம்பி, கரண்டு எப்ப வரும், அதச் சொல்லு."

அவர் கேட்டது முழுக்க நியாயம். தண்ணீர் மோட்டார் ஓடவேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். பிறகு யோசித்தபோது அவர் சொன்னதில் முதல் பாதி சித்தாந்தமாகவே பட்டது. வெள்ளி எங்கும் போகவில்லை. பேருந்து நிலையத்தில் நிற்கும்போதும் அருந்ததியின் ஒளி என் கண்ணுக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சுற்றியுள்ள வெளுப்பில் அதைக் கண் பிரித்தறியவில்லை, அவ்வளவே. இறைவன் உயிரை விட்டு ஒருபோதும் நீங்குவதில்லை, உயிர்தான் உணர்வதில்லை என்று எங்கள் ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கண்தான் நினைவுக்கு வரும்.

ஒரு மாணவி, கல்லூரியில் படிக்கிற பெண், வகுப்பில் மடக்கினாள். "ஐயா, சிவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்றுதானே? அவரே மறைக்கிறார். விளக்கு மறைத்தால் மட்டும் என்ன தப்பு?" நல்ல கேள்வி. நடராசர் திருவுருவத்தில் ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று பாடம். மறைத்தல் கருணையால் நடப்பது, உயிர் பக்குவப்படும் வரை வினையை நுகரச் செய்வதற்காக. அதாவது அந்த மறைப்புக்கு ஒரு முடிவும் நோக்கமும் உண்டு. ஊன்றிய கால் இருப்பதே இன்னொரு கால் தூக்குவதற்கு. வானத்தில் இதற்கு நாள்தோறும் சாட்சி இருக்கிறது. பகலில் சூரியன் எல்லா மீனையும் மறைக்கிறது, மாலையில் தானே விலகிக்கொள்கிறது. நாம் போட்ட வெளிச்சத்துக்கு அந்த மாலை இல்லை. நம் மறைப்பு எதையும் திறந்து காட்டுவதற்காக மறைக்கவில்லை.

சிதம்பரத்தில் ரகசியத்தின் முன்னால் திரை இருக்கிறது. விலக்கினால் தங்க வில்வமாலையும் வெளியும். வடலூரில் வள்ளலார் சத்திய ஞான சபையை 1872 தைப்பூசத்தில் தொடங்கியபோது சோதிக்கு முன்னால் ஏழு திரைகள் வைத்தார். மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், தைப்பூசத்தில்தான் ஏழும் விலகும். அருட்பெருஞ்சோதி என்று ஒளியையே ஆண்டவராகக் கண்டவர் அவர். அந்த ஒளியை அவர் நாளெல்லாம் நாற்புறமும் வீசவிடவில்லை. காத்திருந்து, கூடி நின்று, திரை விலகும்போது பார்க்க வைத்தார். ஒளியை வணங்குகிற மரபு என்பதால் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் புண்ணியம் என்று சொல்பவர்களுக்கு வடலூரே பதில்.

மறைப்பு காட்டும் என்பதற்குக் காவலூரில் ஒரு சான்று கிடைத்தது. ஜவ்வாது மலைக் காட்டுக்குள், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த வானாய்வகம். வானியலாளர் வைணு பாப்பு இருண்ட வானம் தேடிக் கண்டுபிடித்த இடம். 1968இல் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கி, 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டுக்கும், ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும், அவர் பெயரையே வைத்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் கடந்தது. கோள் நட்சத்திரத்தை எட்டுவதற்கு முன்பே அதன் ஒளி சற்றே குறைந்து மீண்டது. காவலூரிலும் வேறு சில இடங்களிலும் பதிவான இப்படிப்பட்ட மங்கல்களை வைத்துத்தான் யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது. மறைந்ததைக் கண்டு, மறைத்தது எது என்று தெரிந்துகொண்டார்கள். பின்னணி இருளாக இருந்ததால் அது முடிந்தது.

நானும் என் மனைவியும் ஒரு மாசி மாதம் அந்த மலைக்குப் போனோம். அவள் நட்சத்திரம் பூசம். கடகத்தில் இருக்கும் மங்கலான கூட்டம், எங்கள் ஊரில் அதன் சுவடுகூடத் தெரியாது. ஆலங்காயத்தைத் தாண்டி மலைப்பாதையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, முகப்பு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அரைமணி நேரம் போனதும் மேலே இடமே இல்லை என்னும்படி நிறைந்துவிட்டது. பூசம் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். "நேரா உத்துப் பாத்தா மறையுதுங்க. கொஞ்சம் தள்ளிப் பாத்தா நல்லா தெரியுது" என்றாள். அது உண்மை. மங்கல் ஒளியை வாங்கும் செல்கள் கண்ணின் நடுவில் இல்லை, சற்று விலகியே இருக்கின்றன. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, இருட்டு சொல்லிக்கொடுத்தது. மலையை விட்டு இறங்கும் வரை அவள் அதிகம் பேசவில்லை. ஊருக்கு வந்து அடுத்த மாதம் அர்ச்சனைக்குப் போனபோது, பூசம் என்று சொல்லும் முன் ஒரு நொடி நிறுத்தினாள். அந்த ஒரு நொடி எனக்குப் போதுமான விடையாக இருந்தது. பெயரைச் சொல்வதும், கண்டதன் பெயரைச் சொல்வதும் ஒன்றாகாது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். இருளோடு சேர்ந்தால் இருளாகவும் ஒளியோடு சேர்ந்தால் ஒளியாகவும் ஆகும் பொருள்கள் உலகில் உண்டு, உயிரும் அப்படி என்பது திருவருட்பயனின் இன்னொரு பாடம். உதாரணத்துக்குக் கண்ணையும் பளிங்கையும் ஆகாயத்தையும் சொல்வார்கள். "ஐயா, அரைமணி இருட்டில் நின்ற கண் இருளாகவில்லையே, முன்பு காணாததை அல்லவா கண்டது" என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளி இல்லாத இருட்டுல நின்னா அந்தக் கண்ணு என்னத்தப் பாக்கும்? இருட்டுல நின்னது பக்குவம். தெரிஞ்சது அருள். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க." அந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் உதவியது. இருளை நான் வணங்கவில்லை. பக்குவத்துக்கு வேண்டிய இடம் அது, அதை ஊரில் எங்கும் இல்லாமல் செய்துவிட்டோம் என்பதே என் குறை.

நம் முன்னோர்கள் அந்த இடத்தைக் கோயிலுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். பல பழைய கோயில்களில் கருவறைக்குள் இன்னும் மின்விளக்குப் போடுவதில்லை. வெயிலிலிருந்து ராஜகோபுரம் நுழைந்து, மகாமண்டபம், அர்த்தமண்டபம் என்று போகப்போக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். உள்ளே ஒரு தூண்டாமணி விளக்கு. கண் பழகும் வரை லிங்கத்தின் விளிம்பு மட்டும் தெரியும். குருக்கள் தீபாராதனைத் தட்டை எடுத்து மேலிருந்து கீழாகக் காட்டும்போது பட்டை, நாகாபரணம், வில்வம் ஒவ்வொன்றாக வெளிப்படும். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய அளவு ஒளி. விளக்குப் பொறியியலில் இதைவிடச் சரியான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. அதே கோயிலின் வெளியே, அர்த்தசாமப் பூசை முடிந்து சாமி பள்ளியறைக்குப் போன பிறகு, நடை சாத்தி ஊர் தூங்கிய பிறகு, கோபுரத்தை நோக்கி நான்கு போகஸ் லைட் விடியும் வரை எரிகிறது. கோபுரத்தைத் தாண்டிப் போகும் வெளிச்சமே அதிகம்.

மனிதர்களோடு இது நிற்பதும் இல்லை. கோடியக்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட்டுப் போகும். இரவில் பொரித்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடும். நிலவும் நட்சத்திரங்களும் பிரதிபலிக்கும் கடல்தான் எக்காலமும் அந்த வெளிச்சம். கரைப்பக்கம் விளக்கு எரிந்தால் குஞ்சு ஊரைப் பார்த்து நடந்து காய்ந்து சாகும். வலசைப் பறவைகள் பலவும் அந்தக் காட்டுக்கு இரவில்தான் பறந்து வருகின்றன. வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் வழியில் நிற்கிறவர்களுக்கு இது சமயத்துக்கு வெளியே இருக்கும் விஷயமாக இருக்க முடியாது.

லடாக்கில் ஹன்லே என்ற ஊர். அங்குள்ள ஆய்வகக் குன்று 4500 மீட்டர் உயரம். பௌத்த மடாலயமும் வானாய்வகமும் அருகருகே இருக்கின்றன. அந்தப் பகுதியை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். வீட்டுச் சன்னல்களுக்குக் கனத்த திரை, விளக்குகளுக்குத் தரை நோக்கிய மூடி என்று அங்குள்ள ஜனங்களே பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கோயில், நான்கு வீதி போதும்.

அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுத்தேன். அர்த்தசாமம் முடிந்ததும் கோபுர விளக்கை அணைக்க டைமர் சுவிட்சு. மதில் விளக்குகளுக்கு மேலே தகர மூடி, வெளிச்சம் பிராகாரத்தில் மட்டும் விழும்படி. வெள்ளை பல்புகளுக்குப் பதில் 2700 கெல்வின் மஞ்சள். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் அன்னதானச் செலவுக்குள் அடங்கும், கூலி வேண்டாம், நானே மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். திருட்டு பயம் என்றார் ஒருவர். கண்ணில் அடிக்கும் விளக்குக்குப் பின்னால் நிற்பவனை யாராலும் பார்க்க முடியாது, மூடி போட்ட விளக்கில் மதிலடி முழுக்கத் தெரியும் என்று டார்ச் வைத்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். பெண்கள் விடியற்காலையில் திருப்பாவை, திருவெம்பாவை பாடப் போகும் வீதி இருட்டக் கூடாது என்றார்கள். கூடவே கூடாது, வீதி விளக்கில் கை வைக்கப் போவதில்லை, அதன் முகத்தைத் தரைக்குத் திருப்புவது மட்டும்தான் என்றேன். கோபுர விளக்கு உபயம் கொடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார், அணைத்தால் வருத்தப்படுவார் என்றார் இன்னொருவர். அந்த வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது, நல்ல மனத்தோடு கொடுத்தது. அவரிடம் நானே போனில் பேசுகிறேன் என்று எண்ணை வாங்கி வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் இரவு மட்டும் அணைத்துப் பார்க்கலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறார்கள். எந்த இரவு என்பதில்தான் பேச்சு. ஆருத்ரா தரிசனத்தன்றே வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றார் தலைவர். அன்றைக்குப் பௌர்ணமியை ஒட்டிய நிலா, அதுவும் திருவாதிரைக்குப் பக்கத்திலேயே நிற்கும், சின்ன மீன்கள் எதுவும் தெரியாது. மார்கழி அமாவாசை கேட்டிருக்கிறேன். அன்று இரவு எட்டு மணிக்குக் கிழக்கு வீதியில் நின்றால் கார்த்திகை ஏறக்குறைய உச்சியில் இருக்கும், அதற்குக் கீழே ரோகிணி, அதற்கும் கீழே சிவப்பாகத் திருவாதிரை. பூசம் வீடுகளுக்கு மேலே ஏறிவரப் பத்து மணி ஆகும். அதற்குள் அர்த்தசாமம் முடிந்து நடை சாத்தியிருப்பார்கள்.